தண்ணீர் வண்டியின் கதவு

என் மகள் எர்லினின் புருஷன் டெல்பர்ட் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் கேட்டதில்லை. கேட்டதில்லை என்றுதான் சொல்கிறேன். பார்க்கிற பேச்சே கிடையாது. மாமியார் மருமகனைப் பார்க்கக் கூடாது, மருமகன் மாமியாரைப் பார்க்கக் கூடாது, நேருக்கு நேர் பேசவும் கூடாது. பார்த்தால் கண் கெட்டுவிடும். இந்தக் காலத்துப் பெண்கள் மருமகனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிடுகிறார்கள். சாப்பிடட்டும். நான் அப்படி வளர்ந்தவள் இல்லை.

அவன் இங்கே வந்து பதினாறு வருஷம். மண் பூசிய என் ஹோகன் குடிலுக்கும் தெற்கே இருக்கும் அவர்கள் பலகை வீட்டுக்கும் நடுவே அறுபது தப்படி தூரம். வாசலில் தொங்கும் கம்பளிக்குப் பின்னால் உட்கார்ந்து அவனைக் காதால்தான் தெரிந்துகொண்டேன். காபி குடிக்கும்போதும் நடப்பான். பேசும்போதும் நடப்பான். வந்த விருந்தாளி கழுத்தைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போய் எழுந்து அவனோடு சேர்ந்து நடப்பார். ஊர்க்கூடத்தில் கூட்டம் நடந்தால் இவன் உள்ளே இருக்க மாட்டான் என்று எர்லின் சொல்வாள். வெளியே நிற்கும் வண்டிகளைச் சுற்றிவந்து ஒவ்வொரு கதவு இடுக்கிலும் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டிருப்பானாம்.

அவன் பிறந்தது பிளாக் மெசா மேட்டில். ஏழு வயதில் பள்ளி விடுதிக்குக் கொண்டுபோய் முடியை வெட்டினார்கள். இரண்டு தடவை ஓடிவந்தான். இரண்டாவது தடவை மூன்று நாள் நடந்து தன் அம்மாவின் ஆட்டுப் பட்டி வரைக்கும் வந்துவிட்டான். அங்கே வைத்துப் பிடித்தார்கள். பெரிய வகுப்பில் ஒரு நொறுங்கிய லாரியைக் கொடுத்து டிங்கர் வேலை பழக்கினார்கள். அதற்குப் பிறகு ஓடவில்லை. கட்டில் வரிசை, சாப்பாட்டு வரிசை, தலை சீவுகிற வரிசை என்று அங்கே நேராக நிற்கச் சொன்னதெல்லாம் அவனுக்குக் கசந்ததாம். கதவு இடுக்கு ஒன்றுதான் நேராக இருந்தால் பிடித்ததாம். இதை எர்லினிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறான். இப்படிப் பேசுகிறவனை ஏன் கட்டினாய் என்று கேட்டால் அதற்காகத்தான் என்றாள்.

எங்கள் மண் சாலை முழுக்க வரிவரியாக மேடு. எந்த வண்டியும் பத்து வருஷத்தில் ஆட்டம் கண்டுவிடும். கீல் ஆணி தேய்ந்து கதவு தொங்கும். தூக்கிப் பிடித்து அறைந்தால்தான் மூடும். எஞ்சின் மேல் முன்மூடி ஒரு பக்கம் ஏறி நிற்கும். பின்தொட்டி ஒரு திசையும் கேபின் ஒரு திசையும் பார்க்கும். அப்படிப்பட்ட வண்டிகள் டெல்பர்ட்டின் மரப்பந்தலுக்கு வரும். அவன் முதலில் கருவியைத் தொட மாட்டான். கேபினுக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டு, வெயில் எங்கே உள்ளே வருகிறது, தூசி எங்கே கோடு போட்டிருக்கிறது என்று பார்ப்பானாம். அவன் அசையாமல் இருப்பது அப்போதுதான். என் காதுக்கு அது ஒரு சத்தமில்லாத நேரம். பிறகு இறங்கி, கதவடியில் கட்டையும் ஜாக்கியும் வைத்து, கீல் போல்ட்டைத் தளர்த்தி, மயிரிழை தூக்கி, முறுக்குவான். இடைவெளி போதாவிட்டால் காபி டப்பாவை வெட்டித் தகடாக்கிக் கீலுக்குப் பின்னால் செருகுவான். வேலை முடிந்தால் கதவு ஒரே ஒரு மெல்லிய சத்தத்தோடு மூடும். அந்தச் சத்தம் கேட்டால் நானும் நெய்வதை நிறுத்திவிட்டு மூச்சு விடுவேன்.

எங்கள் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பிக்கப். அதில்தான் எனக்கும் ஆடுகளுக்கும் தண்ணீர் வரும். தினம் காலையில் டெல்பர்ட் காற்றாலைக் கிணற்றுக்குப் போய் நாலு பீப்பாய் நிரப்பி, தூசிக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, பட்டி ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விடுவான். மத்தியானம் ஆடு ஓட்டுகிற கூழாங்கல் டப்பாவை நான் குலுக்குவேன். 'நான் வெளியே வருகிறேன், நீ வராதே' என்று அதற்கு அர்த்தம். குழாய் போட்டுத் தண்ணீரைத் தொட்டிக்கு இறக்கிவிட்டு ஹோகனுக்குத் திரும்பி மறுபடி குலுக்குவேன். அவன் வெளியே வருவான். பதினாறு வருஷம் இப்படியே போயிற்று. பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை வேறு போட்டிருந்தான். எத்தனை ஏற்றினாலும் வண்டியின் வால் தாழாது.

போன குளிர் முடிகிற சமயம் நான் ஒரு காரியம் செய்தேன். மூவரும் டவுனுக்குப் போனோம். அவன் ஓட்டினான், எர்லின் பக்கத்தில். நான் எப்போதும்போலப் பின்தொட்டியில், கேபினுக்கு முதுகு காட்டி, கம்பளி போர்த்தி. வழியில் எர்லினிடம் மாவு மூட்டையை ஞாபகப்படுத்தக் குனிந்து எட்டினேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் அவன் முகம் இருந்தது. சாலையைப் பார்த்துக்கொண்டு கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் தகரம் கிழித்த தழும்பு. காது நான் நினைத்ததைவிடப் பெரிது. அவன் என்னைப் பார்க்கவில்லை. உடனே நான் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. நாலு மூச்சு நேரம் பார்த்தேன். நல்ல முகம். அதையும் சொல்லிவிடுகிறேன், எர்லின் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒரு வாரம் கழித்து ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தவன் கண்ணில் துருத்தூள் விழுந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு மட்டும் அந்தக் கண்ணாடி ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் வண்டியின் வலப்பக்கக் கதவு நிற்க மறுத்தது. சாயங்கால வெயில் படுத்து அடிக்கும்போது இடுக்கு நன்றாகத் தெரியும் என்று அவன் எப்போதும் அந்நேரத்தில்தான் செய்வான். செய்தான். அந்த மெல்லிய சத்தமும் எனக்குக் கேட்டது. காலையில் பார்த்தால் மேலே விரல் நுழைகிறது, கீழே கத்தி நுழையவில்லை, கொக்கி விட்டுக் கதவு தொங்குகிறது. கீல் ஆணி மாற்றினான். தகடு வைத்தான், எடுத்தான், வேறு வைத்தான். ஒவ்வொரு சாயங்காலமும் நேர், ஒவ்வொரு காலையும் கோணல். ஒருநாள் மேட்டு வளைவில் கதவு தானாகத் திறந்து எர்லின் பாதி வெளியே போய்த் தொங்கிவிட்டுத் திரும்பினாள். அன்றிலிருந்து கதவுக்கு உள்ளேயிருந்து கயிறு.

கடைத்தெருவில் செஸ்டர் என்று ஒரு வாயாடி. "டெல்பர்ட்டு, ஊரான் கதவெல்லாம் நிக்க வெச்ச, ஒன் வீட்டுக் கதவு மட்டும் ஆடு கட்டுற மாதிரி கட்டி வெச்சிருக்க. ஓடிடும்னு பயமா?" என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள், இவனும் சிரித்தான் என்று எர்லின் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு பந்தலுக்கு வந்த மூன்று வண்டிகளைத் தொடாமலே திருப்பி அனுப்பினான். தன் கண்ணில் ஏதோ ஆகிவிட்டது, நேர் எது கோணல் எது என்று தெரியவில்லை என்று எர்லினிடம் சொல்லியிருக்கிறான். கண்ணை நம்ப முடியாதவன் அடுத்தவன் கதவில் கைவைக்கக் கூடாது என்றானாம்.

அப்புறம் ரயில்பாதை வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டான். எட்டு மாதம், எங்கேயோ வடக்கே, தண்டவாளத்துக்கு அடியில் கட்டை மாற்றுகிற வேலை. திங்கட்கிழமை காலை வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். அந்த வேலைக்குப் போன எத்தனையோ பேர் எட்டு மாதத்தை எட்டு வருஷமாக்கினார்கள். என் அண்ணன் அப்படித்தான். எர்லின் அழவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு அழுகை வராது. குறி சொல்பவரிடம் போய் இந்தக் கண்ணுக்கு யார் காரணம் என்று கேட்கப் போகிறேன் என்றாள். நான் தறியைப் பார்த்துக்கொண்டு போ என்றேன். யார் காரணம் என்று எனக்குத்தான் தெரியுமே. அந்த வாரம் நெய்ததில் நாலு விரற்கடை பிரித்துப் போட்டேன்.

சனிக்கிழமை பள்ளி விடுதிச் சமையலுக்கு ஆள் போதவில்லை என்று எர்லினைக் கூப்பிட்டார்கள். பேரப்பிள்ளைகள் இரண்டும் அந்த விடுதியில்தான். அவள் போய்விட்டாள். இங்கே நான், அவன், பிஸ்கட் என்கிற நாய்.

ஞாயிறு விடியற்காலையில் தண்ணீர் இறக்கப் போனேன். டப்பாவைக் கொண்டுபோகவில்லை. கண்ணாடியில் பார்த்த நாளிலிருந்து பகலில் அந்த வண்டிக்குப் பக்கத்தில் போக எனக்குக் கால் வரவில்லை. அவன் தூங்கும்போதே சத்தமில்லாமல் இறக்கிவிட்டு வந்துவிடுவது என்று மாற்றிக்கொண்டிருந்தேன். மத்தியானம் டப்பாவை மட்டும் கம்பளிக்குப் பின்னாலிருந்தே குலுக்கிவைப்பேன், யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

குழாயைப் போட்டுவிட்டுக் கதவோரம் சாய்ந்து நின்றேன். இரண்டாவது பீப்பாய் பாதி இறங்கியபோது காதருகே 'டக்' என்றது. புதிதாகக் கேட்ட சத்தம் இல்லை; இத்தனை நாளும் விடியலில் கேட்டதுதான். தகரம் குளிரில் முனகுகிறது என்று விட்டிருந்தேன். அன்றைக்குத் தூக்கமில்லாத எரிச்சலில் திரும்பிப் பார்த்தேன். கொக்கி நழுவியிருந்தது. மேல் இடுக்கில் விரலை வைத்தேன். நகம் மட்டும் போயிற்று. விரலை எடுக்காமல் நின்றேன். தண்ணீர் இறங்க இறங்க விரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பீப்பாய் நான்கையும் நான் மத்தியானமே காலி செய்துவிட்டேன் என்று நம்பித்தானே அவன் சாயங்காலம் கதவைத் தூக்கி வைக்கிறான்? தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வண்டித் தண்ணீர் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? பாரத்தில் வளைந்த வண்டிக்குக் கதவை நேராக்கினால், விடிவதற்குள் நான் பாரத்தை இறக்கிக் கோணலாக்கிவிடுகிறேன். அவன் கண்ணில் ஒரு குற்றமும் இல்லை.

குழாயைப் பிடுங்கினேன். மீதித் தண்ணீர் அப்படியே இருக்கட்டும்.

ஹோகனுக்குள் போனேன், வந்தேன், போனேன். எப்படிச் சொல்வது? எர்லின் இல்லை. அவள் வரும்போது இவன் தண்டவாளத்தில் இருப்பான். வெயில் ஏறியது. அவன் வீட்டுக் கதவு திறந்தது, பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. கம்பளிக்குப் பின்னால் நின்றபடி நாயைக் கூப்பிட்டேன்.

"பிஸ்கட், இங்க வா. ஒன் எசமான் ஊருக்குப் போறாராமே. போறதுக்கு முன்னாடி வண்டில ரெண்டு பீப்பா தண்ணி மிச்சம் இருக்குன்னு சொல்லு. கொழாயப் போட்டுட்டு கதவு இடுக்கப் பாக்கச் சொல்லு."

பெட்டிச் சத்தம் நின்றது. நாய் எதற்கும் அசையவில்லை. அப்புறம் அவன் குரல் வந்தது.

"பிஸ்கட், தண்ணி மத்தியானமே எறங்கியிருக்குமேன்னு கேளு."

"ரெண்டு மாசமா விடியக்காலைலதான் எறக்குறேன்னு சொல்லு."

"ஏன்னு கேளு."

"அது அப்புறம்னு சொல்லு."

அவன் நடை வண்டியை நோக்கிப் போயிற்று. தண்ணீர் விழும் சத்தம். நடை இல்லை. அப்புறம் ஒரு சிரிப்பு. சந்தோஷச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது மாதிரி இருந்தது. வண்டிக்கு அடியில் நுழைந்தான். சுத்தியலால் தட்டினான். ரப்பர் முழுக்க மாவாகிவிட்டது, மாவாகிவிட்டது என்று தனக்குத்தானே திட்டினான். கேபினுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே வைக்கும் ரப்பர் வில்லைகள் அவை. அவை போய்விட்டால் சட்டம் வளையும்போதெல்லாம் கேபினும் சேர்ந்து வளையும். கதவையே பார்த்துக்கொண்டிருந்தவன் அதற்குக் கீழே பார்க்கவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் கழித்துப்போட்ட பட்டை ரப்பர் அவனிடம் இருந்தது. வெட்டினான். கட்டை கொடுத்துக் கேபினை ஜாக்கியில் தூக்கினான். பிறகு தடங்கல். போல்ட்டின் தலை கேபினுக்குள்ளே, நட்டு வண்டிக்கு அடியில். ஒருத்தர் மேலே பிடித்தால்தான் இன்னொருத்தர் கீழே முறுக்க முடியும். இடுக்கியைச் செருகிப் பார்த்தான்; அது சுற்றிக்கொண்டு விழுந்தது. மூன்று தடவை விழுந்தது.

"பிஸ்கட்," என்றேன், "மாப்பிள்ளைய வண்டிக்கு அடியில போய் கண்ண மூடிக்கச் சொல்லு. மேல நான் புடிக்கிறேன்."

"அத்தைக்குக் கை தாங்குமான்னு கேளு."

"பதினாறு வருஷமா ஆட்டுக்குத் தண்ணி எறக்குன கைன்னு சொல்லு."

டப்பாவைக் குலுக்கிக்கொண்டே போய், தலைவழியே கம்பளி போட்டு, கேபினுக்குள் ஏறினேன். தரையில் கை அகலத்துக்குத் துரு ஓட்டை. மாவுச் சாக்கை மடித்து அதன்மேல் போட்டேன். ஸ்பானரைப் போல்ட் தலையில் மாட்டி இரண்டு கையாலும் பிடித்தேன். கீழே அவன் முறுக்கினான். என் தோள் வரைக்கும் இழுத்தது. அவனுக்கும் எனக்கும் நடுவே ஒரு தகரம், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை. அவன் மூச்சு வாங்குவது கூடக் கேட்டது.

மூன்றாவது போல்ட்டில் எனக்குப் பொறுக்கவில்லை.

"பிஸ்கட், மாப்பிள்ளைகிட்ட சொல்லு. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அன்னைக்கு டவுனுக்குப் போறப்ப சைடு கண்ணாடில அவர் மொகத்தப் பாத்துட்டேன். மொதல்ல தெரியாம பாத்தேன். அப்புறம் தெரிஞ்சேதான் பாத்தேன். அதுக்கப்புறம்தான் கண்ணுல தூளு விழுந்துச்சு. அதனாலதான் பகல்ல வண்டிகிட்ட வரல."

கீழே ஸ்பானர் நின்றுவிட்டது. நாய் எங்கோ தூரத்தில் ஒரு பல்லியைத் துரத்திக்கொண்டிருந்தது. எங்களுக்கு நடுவே பேச்சு வாங்கிக்கொடுக்க ஆளில்லை.

"தழும்பு எந்தக் கன்னத்துல இருந்துச்சுன்னு கேளு," என்றான் கடைசியில்.

"வலது கன்னம்."

"எனக்கு இடது கன்னத்துலதான் தழும்பு. அத்தை பாத்தது வேற எவனோ. அவன் கண்ணு என்ன ஆச்சோ, பாவம்."

கண்ணாடி பக்கம் மாற்றிக் காட்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவனுக்கும் தெரியும். ஸ்பானரை மறுபடி மாட்டினேன். "இறுக்கிப் புடிங்க," என்றான், நாயின் பெயரைச் சொல்லாமல். பிடித்தேன்.

சாயங்காலம் கதவு அந்த ஒரே சத்தத்தோடு மூடியது. அவன் நாலு பீப்பாயும் நிரப்பிக்கொண்டு வந்து மறுபடி மூடினான். காலி செய்யச் சொன்னான், செய்தேன், மறுபடி மூடினான். அதே சத்தம். எர்லின் இதை வேறு மாதிரிச் சொல்வாள், தான் குறி சொல்பவரிடம் போய்வந்ததால்தான் எல்லாம் சரியாயிற்று என்பாள். அவள் அன்றைக்கு இங்கே இல்லை.

ஆனால் போகப் போகிறானா இல்லையா என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கட்டிய பெட்டியைப் பிரிக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. பெயர் கொடுத்தது கொடுத்ததுதான் என்று நினைக்கிற ஆள் அவன்.

திங்கட்கிழமை காலையில் வேன் வந்தது. ஹாரன் அடித்தார்கள். உள்ளே செஸ்டரும் இருந்தான். அந்தக் குரல் எனக்குத் தெரியும், கதவு கட்ட கயிறு எடுத்துக்கிட்டியா என்று கேட்டான். டெல்பர்ட்டின் நடை பெட்டியோடு வேன் வரைக்கும் போயிற்று. ஏறினான் போல. வேனின் கதவை அறைந்தார்கள். மூடவில்லை. இன்னொரு தடவை அறைந்தார்கள். மூன்றாவது தடவை யாரோ காலால் உதைத்தார்கள்.

"எறங்குங்க," என்றான் டெல்பர்ட். "எல்லாரும் எறங்குங்க. இப்படி வெச்சுக்கிட்டு வடக்க வரைக்கும் போவீங்களா?"

நேரமாகிறது என்று ஓட்டுகிறவர் கத்தினார். இவன் காதில் வாங்கவில்லை. ஜாக்கி வந்தது, கட்டை வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு இருமுகிற சத்தம். காபி டப்பாவை வெட்டுகிற சத்தம். பிறகு ஒரே ஒரு தடவை, மெல்லியதாக, வேன் கதவு மூடியது. எல்லோரும் ஏறிக்கொண்டார்கள், மறுபடி அதே சத்தம்.

வேன் கிளம்பிப் போயிற்று.

நான் கம்பளி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் போயிருந்தால் நான் தாராளமாக வெளியே வந்து பார்க்கலாம். போகாமல் நின்றால் பார்க்கவே கூடாது. எது என்று தெரியவில்லை. வேன் சத்தம் மேட்டு வளைவைத் தாண்டித் தேய்ந்தது. ஆடுகள் கத்தின. கம்பளியை ஒரு விரற்கடை ஒதுக்கினேன், மறுபடி விட்டேன்.

"பிஸ்கட்," என்றான் பந்தல் பக்கமிருந்து. "நான் தண்ணிக்குப் போறேன்னு சொல்லு. வந்ததும் மத்தியானமே எறக்கிடச் சொல்லு."

"பிஸ்கட்," என்றேன், "எப்ப எறக்கணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லு."